வெள்ளிக்கிழமைக்காக ஆடிய ஆட்டம்

அப்படியா சொன்னாள் அந்த எதிர்வீட்டுக்காரி? என் மகன் மேஸ்திரியைக் கைநீட்டி அடித்தான், அதனால்தான் அபுதாபியில் அவனுக்கு வெள்ளிக்கிழமை லீவு போனது என்றா? நல்ல கதை! நம்பாதே தாயி. அடியும் இல்லை, தடியும் இல்லை. அவன் பந்தாடித் தோற்றான். அதிலும் பாதிதான் அவன் தோற்றது. மிச்சப் பாதியை நான் என் வாயால் தோற்றுக் கொடுத்தேன். சிரிக்காதே, நிஜமாகத்தான் சொல்கிறேன். இதைச் சொல்ல எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை. கையெழுத்துப் போடத் தெரியாத நான், அத்தனை தேசத்து ஆம்பிளைகள் ஆடிய ஆட்டத்தில் மணலில் இறங்கி நின்றிருக்கிறேன். இந்தத் தெருவில் வேறு எவள் நின்றாள், சொல்.

நான் அங்கே போனது பேத்தியைப் பார்த்துக்கொள்ள. மருமகள் முஸஃபாவில் ஒரு கிளினிக்கில் நர்ஸ். முஸஃபா அபுதாபிக்குப் பக்கத்தில், எங்கே திரும்பினாலும் கராஜும் குடோனுமாக இருக்கிற இடம். கிளினிக்குக்கு மேலேயே ஒரு ரூம் கொடுத்திருந்தார்கள். மகனுக்கோ வேலை ருவைஸில். பாலைவனத்துக்குள் பஸ்ஸில் இரண்டரை மணி நேரம். அங்கே எண்ணெய் நிரப்புகிற பெரிய பெரிய டாங்கிகள் கட்டிக்கொண்டிருந்தார்கள். அதைச் சுற்றி இரும்புக் குழாயில் சாரம் கட்டுகிறவர்களில் இவனும் ஒருத்தன். கேம்பில் ரூமுக்கு எட்டுப் பேர். வெள்ளிக்கிழமையும் டூட்டி. மாசத்துக்கு ஒரு தடவை அவனை வெளியே விட்டால் பெரிய காரியம்.

எனக்கு மூன்று மாச விசா. அது முடிந்ததும், நாட்டை விட்டு வெளியே போனால்தான் புது விசா என்று, ஈரான் பக்கம் கீஷ் என்ற ஒரு தீவுக்கு பிளேனில் ஏற்றிவிட்டு, கையில் ஒரு சீட்டைக் கொடுத்தார்கள். அதில் என்ன எழுதியிருந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. காட்டு என்றார்கள், காட்டினேன். நான்கு நாள் ரொட்டியும் பால் விடாத கட்டன் சாயாவுமாக இருந்துவிட்டுப் புது விசாவில் திரும்பினேன். அது தனிக்கதை, விடு.

பேத்திக்கு அப்போது பத்து மாசம். வீடியோவில் முகம் பார்க்கிற போன் அப்போது ஏது? குரல் மட்டும்தான். மாசத்துக்கு ஒரு நாள் பார்த்தால் பிள்ளைக்கு அப்பனை எப்படித் தெரியும்? அவன் கதவைத் திறந்ததுமே பூச்சாண்டியைக் கண்ட மாதிரி அலறுவாள். அவன் உடனே வெளியே போய் மாடிப்படியில் உட்கார்ந்துகொள்வான். அவள் தூங்கியதும் நான் போய்க் கூப்பிடுவேன். வந்து பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பான், தொட மாட்டான்.

ஒரு நாள் சொன்னான்: "ஒறங்குறப்ப மட்டுந்தான் ஆத்தா ஏம் பிள்ளை. முழிச்சா வேற யாரோ பெத்த பிள்ளையாப் போயிருது."

ஆனால் பார், கொடுக்கிற சாமி எந்த ரூபத்தில் வந்து கொடுத்தது தெரியுமா? ஒரு கொரியாக்கார இன்ஜினியர் ரூபத்தில். சைட்டில் இவர்களுக்கு மேலதிகாரி. குள்ளமான ஆள், சிரித்தால் கண் காணாமல் போய்விடும். ஒரு சாயங்காலம் நம் பையன்கள் கேம்புக்குப் பின்னால் கிரிக்கெட் ஆடியதை அவர் பார்த்திருக்கிறார். என் மகன் ஓடிப்போய் ஒற்றைக் கையில் பந்தைப் பிடித்து, விழுந்த வாக்கிலேயே எறிந்து குச்சியைத் தட்டிவிட்டானாம். அவர் வந்து இவன் கையைப் பிடித்துப் புரட்டிப் புரட்டிப் பார்த்தாராம், மாட்டுத் தரகர் மாதிரி.

"கையுறை இல்லாம பிடிக்கிறியா? வலிக்கலையா?" என்று இந்தியில் கேட்டாராம்.

"குழாய் பிடிக்கிற கை சார்" என்றானாம் இவன்.

அவர் ஊரில் கிரிக்கெட் கிடையாது. பேஸ்பால் என்று வேறொரு ஆட்டம். அதில் பைத்தியம் அந்த மனிதர். முஸஃபாவில் குடோன்களுக்கு நடுவே ஒரு மணல் திடலில் அந்த ஆட்டத்துக்கு லீக்கே நடந்துகொண்டிருந்தது. பிலிப்பைன்ஸ்காரர்கள் சேர்ந்து ஆரம்பித்தார்களாம். அப்புறம் ஜப்பான்காரர்கள், அமெரிக்கப் பள்ளிக்கூட வாத்தியார்கள், ஒரு ஆஸ்பத்திரிக்காரர்கள், கேம்புகளுக்குச் சாப்பாடும் காய்கறியும் அனுப்புகிற ஒரு கேட்டரிங் கம்பெனிக்காரர்கள் என்று, கடைசியில் எங்களையும் சேர்த்து எட்டு அணி. வெயில் காலத்தில் அங்கே நாய்கூட நிற்காது, அதனால் குளிர் மாசங்களில் மட்டும் ஆட்டம். மொத்தமே நான்கு குளிர்காலம்தான் அந்த லீக் உயிரோடு இருந்தது. நாங்கள் நுழைந்தது மூன்றாவதில். இன்றைக்கு நீ போய்க் கேட்டால் அப்படி ஒன்று நடந்ததாக அங்கே யாருக்கும் தெரியாது. எனக்குத் தெரியும்.

கொரியாக்காரர் சாரம் கட்டுகிற நம் பையன்களை வைத்தே ஒரு அணி சேர்த்தார். ராமநாதபுரம், சிவகங்கை, தென்காசி என்று கலந்து கட்டிய கூட்டம். பெரிய மேனேஜரிடம் பேசி ஒரு உத்தரவும் வாங்கிவிட்டார்: அணி லீக்கில் இருக்கிறவரை, ஆட்டம் இல்லாத வெயில் மாசத்திலும்கூட, ஆடுகிறவர்களுக்கு வெள்ளிக்கிழமை டூட்டி கிடையாது, கம்பெனி பஸ்ஸே முஸஃபாவுக்குக் கொண்டுவந்து விடும். லீக்கை விட்டுப் போனால் பழையபடி டூட்டி. மற்றப் பையன்களுக்கு அது ஒரு நாள் ஜாலி. என் மகனுக்கு அது பிள்ளை.

வெள்ளிக்கிழமை மருமகளுக்குக் கிளினிக்கில் டூட்டி. அதனால் நான் பேத்தியை இடுப்பில் வைத்துக்கொண்டு, எலுமிச்சைச் சோற்றுத் தூக்கோடு திடலுக்கே போய்விடுவேன். ஆடி முடித்துவிட்டு அவன் வந்து பக்கத்தில் உட்காருவான். முதல் வாரம் அலறினாள். இரண்டாவது வாரம் என் தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தாள். மூன்றாவது வாரம் அவன் சோற்றுக் கையை மோந்து பார்த்தாள். நான் எதுவும் பேச மாட்டேன். பேசினால் கெட்டுவிடுமோ என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு இருப்பேன்.

ஆட்டம் எப்படி என்றால், அது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. தரையில் நான்கு மூலை. ஒரு மூலையில் நின்று பந்தை அடிக்கிறவன் மற்ற மூன்று மூலைகளையும் சுற்றிக்கொண்டு அடித்த இடத்துக்கே திரும்பினால் ஒரு ரன். அவ்வளவுதான். மூலைக்கு மூலை ஒரு திண்டு போட வேண்டும். லீக்குக்காரர்கள் போட்டிருந்தது கிழிந்து பஞ்சு பறந்துகொண்டிருந்தது. நான் பாசுமதி அரிசிச் சாக்கை நான்காக மடித்து, மணல் அடைத்து, கோணி ஊசியால் தைத்துக் கொடுத்தேன். பிலிப்பைன்ஸ்காரர்கள் ஏறிக் குதித்துப் பார்த்துவிட்டுக் கையைத் தட்டினார்கள். அதிலிருந்து நம் பையன்களுக்கு அது மூட்டை. முதல் மூட்டை, இரண்டாம் மூட்டை, மூன்றாம் மூட்டை. அடிக்கிற இடத்தில் மட்டும் மூட்டை கிடையாது. அங்கே வெள்ளையடித்த ஒரு ரப்பர் பலகை தரையோடு தரையாகப் பதித்திருக்கும்.

நடுவர் ஒரு வயசான அமெரிக்க வாத்தியார். அவருக்கு முதுகு வலி. ரப்பரில் மணல் மூடினால் குனிந்து துடைக்க முடியாமல் தவிப்பார். ஒரு நாள் நானே போய் ஈர்க்குமாறால் பெருக்கிவிட்டேன். மறுவாரம் அவரே என்னைப் பார்த்துக் கையைக் காட்டினார். அப்புறம் அது என் வேலையாகிவிட்டது. இடுப்பில் பிள்ளை, கையில் ஈர்க்குமாறு.

ஆனால் நம் பையன்கள் பட்ட பாடு இருக்கிறதே! பிடிப்பதிலும் எறிவதிலும் அவர்களை அடித்துக்கொள்ள ஆள் இல்லை. ஓடத்தான் தெரியாது. பிறந்ததிலிருந்து கிரிக்கெட். அடித்ததும் மட்டையைக் கையோடு தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். மூட்டை கிட்டத்தில் வந்ததும் குனிந்து மட்டையை நீட்டி மூட்டையைத் தொட்டுவிட்டு, வந்து சேர்ந்த மாதிரி நிமிர்ந்து நிற்பார்கள். அந்த ஆட்டத்தில் காலோ கையோ படவேண்டும், மட்டை பட்டால் கணக்கில்லை. பந்து வந்துவிடும், அவுட். முதல் ஆட்டத்தில் மட்டும் நான்கு பேர் இப்படியே போனார்கள். கொரியாக்காரர் தலையில் கையை வைத்துக்கொண்டு மணலில் உட்கார்ந்துவிட்டார்.

"பேட் சோடோ! சோடோ!" என்று இந்தியில் கத்துவார், மட்டையை விடுங்கடா என்று. அவர் கத்துவது காதில் ஏறாது. கடைசியில் நான் கத்த ஆரம்பித்தேன்.

"அடேய், போட்டுட்டு ஓடுடா! ஒங்கப்பன் வீட்டுச் சொத்தா அது?"

அது ஏறியது. தென்காசிப் பையன் ஒருத்தன் ஓடும்போதே திரும்பி, "போட்டுட்டேன் ஆத்தா!" என்று கையை விரித்துக் காட்டிவிட்டு ஓடுவான். மட்டையை விடப் பழகிவிட்டார்கள். நானும் என்னால்தான் பழகினார்கள் என்று நினைத்துக்கொண்டேன். வாய் ஒரு தடவை பலித்துவிட்டால் அடக்க முடியுமா?

இப்போது அந்தக் கடைசி ஆட்டத்துக்கு வருகிறேன்.

லீக்கில் ஒரு விதி இருந்தது. உள்ளே வரப் புது அணி ஒன்று காத்திருந்தது, திடலோ ஒன்று. ஆகவே வருஷக் கடைசியில் எட்டாம் இடத்தில் நிற்கிற அணி வெளியே போக வேண்டும். எங்கள் நிலைமை, கடைசி ஆட்டத்தில் ஜெயித்தால் ஏழாவது. தோற்றாலும் சரி, சமமாக முடிந்தாலும் சரி, எட்டாவது. எதிரணி கேட்டரிங் கம்பெனிக்காரர்கள். அவர்களுக்கு அந்த ஆட்டத்தில் நஷ்டமும் இல்லை, லாபமும் இல்லை. விளையாட்டாக ஆடினார்கள். இவர்கள் உயிரைக் கொடுத்து ஆடினார்கள்.

அன்றைக்குப் பார்த்துக் காலையில் ஒன்று நடந்தது. பஸ்ஸிலிருந்து மகன் இறங்கி வருகிறான், என் இடுப்பிலிருந்த பேத்தி இரண்டு கையையும் அவனை நோக்கி நீட்டினாள். முதல் தடவை. அவன் அப்படியே நின்றுவிட்டான். கையைப் பேன்டில் துடைத்துத் துடைத்து வாங்கினான். அவள் அவன் மூக்கைப் பிடித்து இழுத்தாள்.

என்னைப் பார்த்து மெதுவாகக் கேட்டான்: "ஆத்தா, இன்னிக்கித் தோத்தா இவ என்னைய மறுபடி மறந்துருவாளா?"

"வாயக் கழுவுடா" என்றேன்.

கேட்டரிங் அணியில் முக்கால்வாசி பிலிப்பைன்ஸ்காரர்கள். மூன்றாம் மூட்டையில் மட்டும் ஒரு திருகோணமலைக்காரர் நின்றார். முப்பது வயசிருக்கும், அந்தக் கம்பெனியில் டிரைவர். என் எலுமிச்சைச் சோற்றை நான்கைந்து வாரம் வாங்கிச் சாப்பிட்டவர். "அம்மா, உங்கட கைக்கு ஒரு ருசி இருக்கு" என்பார். நல்ல மனிதர். எதிரணியில் நம் பாஷை புரிகிற ஒரே ஆள் அவர்தான். அதை நான் அந்த நேரம் யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லையே.

எங்கள் முறை மத்தியானத்துக்கு மேல்தான் வந்தது, ஆட்டமும் இழுத்துக்கொண்டே போனது. அவர்கள் ஒன்று எடுத்தால் இவர்கள் ஒன்று. கடைசி முறை எங்கள் பையன்கள் மட்டையைப் பிடிக்கிறபோது ஐந்துக்கு ஐந்து. சூரியன் குடோன் தகரத்துக்குப் பின்னால் இறங்கிக்கொண்டிருந்தது. திடலில் விளக்குக் கிடையாது. இந்த முறை ஒரு ரன் வந்தால் வெள்ளிக்கிழமை எங்களுக்கு, வராவிட்டால் இல்லை. இரண்டு பேர் அவுட்டாகிவிட்டார்கள். மூன்றாவது ஆளும் போனால் முடிந்தது. என் மகன் எப்படியோ சுற்றி மூன்றாம் மூட்டை வரை வந்து, திருகோணமலைக்காரர் பக்கத்தில் நின்றான். ரப்பருக்கு இன்னும் ஒரே ஓட்டம். அடிக்க வந்தது தென்காசிப் பையன்.

நடுவர் என்னைப் பார்த்தார். நான் பேத்தியைத் தூக்கிக்கொண்டு போய் ரப்பரைப் பெருக்கினேன். வெள்ளை வெளேரென்று பளிச்சென இருந்தது. குலசாமியை நினைத்துக்கொண்டு இன்னொரு தடவையும் பெருக்கினேன். "தேங்க் யூ மதர்" என்றார் அவர். நான் ஓரமாக வந்து நின்றேன்.

முதல் பந்து போனது. இரண்டாவதும் போனது. மூன்றாவதை அவன் அடித்தான் பார், தரையோடு சீறிக்கொண்டு போனது. மட்டையைப் போட்டான், ஓடினான். என் மகன் இந்தப் பக்கம் கிளம்பிவிட்டான். தூரத்தில் ஒருத்தன் பந்தை எடுத்து ரப்பரைப் பார்த்து எறிந்தான். ரப்பருக்கு முன்னால் அவர்கள் கீப்பர், குட்டையான பிலிப்பைன்ஸ்காரர், உறையை விரித்துக்கொண்டு வழியை மறித்த மாதிரி நின்றார். பந்தும் வருகிறது, மகனும் வருகிறான். எது முதலில் என்று சொல்ல முடியாது. பேத்தி என் சேலையை இழுக்கிறாள். பந்து உறைக்குள் விழுந்தது. மகன் ஒரு பக்கமாக வளைந்தான். கீப்பர் பாய்ந்து உறையை வீசினார், அவன் முதுகுக்கு நூல் இடைவெளியில் காற்றில் போனது. மகன் தாண்டிவிட்டான்! கையைத் தூக்கிக்கொண்டு அவன் பாட்டுக்கு ஓடுகிறான். பையன்கள் கத்திக்கொண்டு ஓடிப்போய் அவனைத் தோளில் தூக்கிவிட்டார்கள். கொரியாக்காரர் தொப்பியை மேலே எறிந்தார்.

நான் மட்டும் நடுவரைப் பார்த்தேன். அவர் கை அசையவே இல்லை. ரன் என்றும் காட்டவில்லை, அவுட் என்றும் காட்டவில்லை. கல் மாதிரி நின்றார். என்னடா இது என்று தரையைப் பார்த்தேன். நான் பெருக்கிய ரப்பர் நான் பெருக்கிய மாதிரியே இருந்தது. ஒரு கால் தடம் இல்லை. ஒரு மணல் துளி இல்லை. அவன் கால் தடம் ஒரு முழம் தள்ளி மணலில் கிடந்தது.

புரிகிறதா தாயி? கிரிக்கெட்டில் கோட்டைத் தாண்டினால் போதும், எதையும் தொட வேண்டாம். அவன் பிள்ளைப் பிராயத்திலிருந்து கோட்டைத் தாண்டித்தான் பழக்கம். மூட்டை மேடாக இருக்கிறது, கண்ணுக்குத் தெரியும், கால் தானாக ஏறும். இந்த ரப்பரோ தரையோடு தரையாகக் கிடக்கிறது. அவன் மனசுக்குள் அங்கே ஒரு கோடு இருந்தது. அதைத் தாண்டிவிட்டான், ஜெயித்துவிட்டோம் என்று போய்விட்டான். மட்டையை விடச் சொல்லிக் கத்திய எனக்கு, கோட்டை மறக்கச் சொல்லிக் கத்தத் தெரியவில்லை.

கீப்பர் தோற்றுவிட்ட முகத்தோடு கையில் பந்தை வைத்துக்கொண்டு நிற்கிறார். அவருக்கும் தெரியவில்லை. யாருக்கும் தெரியவில்லை. நடுவருக்கும் எனக்கும்தான் தெரியும்.

நான் கத்தினேன்.

"அடேய்! மிதிக்கலடா! ரப்பர மிதிக்கலடா பாவி! திரும்பி வந்து மிதிடா!"

மகன் தோள்மேல் இருந்தபடி சிரிக்கிறான். நான் சந்தோஷத்தில் கத்துகிறேன் என்று நினைத்துக்கொண்டு கையை ஆட்டுகிறான். பேத்தியைக் கீழே உட்கார்த்திவிட்டு ஈர்க்குமாறால் ரப்பரைக் காட்டிக் காட்டிக் கத்தினேன். அப்போதுதான் அவன் முகம் மாறியது. இறங்கப் பார்க்கிறான், பையன்கள் விடவில்லை. "விடுங்கடா, எறக்குங்கடா" என்று காலை உதைக்கிறான். அதே நேரம் மூன்றாம் மூட்டையிலிருந்து திருகோணமலைக்காரர் கத்தினார், தமிழில் இல்லை, கீப்பருக்குப் புரிகிற இங்கிலீஷில். என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியாது. ஆனால் சொன்னது இன்னது என்று அந்தக் கீப்பர் தலை ரப்பர் பக்கம் திரும்பியதிலேயே தெரிந்துவிட்டது.

மகன் குதித்து ஓடி வந்தான். கடைசியில் வயிறு தரையில் உரசப் பாய்ந்து கையை நீட்டினான். கீப்பருக்கு இரண்டு எட்டுத்தான். அவர் பந்தோடு ரப்பர்மேல் ஏறி நின்றார். என் மகன் கை அவர் பூட்ஸ்மேல் விழுந்தது.

நடுவர் கை இப்போது அசைந்தது. விரலை மடக்கி முஷ்டியை மேலே தூக்கினார். அவுட்.

ஐந்துக்கு ஐந்து. எட்டாம் இடம். பேத்தி மணலை அள்ளி வாயில் போட்டுக்கொண்டிருந்தாள்.

கொரியாக்காரர் என்னிடம் வந்தார். கோபமாக இருப்பார் என்று பயந்தேன். அவர் சிரிக்கவும் முடியாமல் அழவும் முடியாமல் இந்தியில் ஏதோ நீளமாகச் சொன்னார். தென்காசிப் பையன் எனக்குச் சொன்னான், தலையைக் குனிந்துகொண்டு:

"ஆத்தா, மிதிக்கலேன்னா எதிராளிதான் பாத்து கேக்கணுமாம். அவங்க கேக்காம கலைஞ்சி போயிருந்தா ரன்னு ரன்னுதானாம். நடுவர் தானாச் சொல்லக் கூடாதாம். நீங்க கொஞ்சம் சும்மா இருந்திருந்தா..."

நான் அந்த மணலிலேயே உட்கார்ந்துவிட்டேன். ஊமையாகப் பிறந்திருக்கக் கூடாதா என்று இருந்தது. எழுத்துத் தெரியாது, சரி. விதி தெரியாத இடத்தில் வாயைத் திறக்காதே என்றுகூடவா தெரியாது?

மகன் முட்டியெல்லாம் சிராய்ப்போடு வந்தான். என்னைத் திட்டவில்லை. பேத்தி வாயிலிருந்து மணலை விரலால் வழித்து எடுத்தான்.

"ஏம் மேலதான் தப்பு ஆத்தா. ஒரு மொழம் தள்ளி ஓடுறதுக்கு எனக்கு என்ன கண்ணு அவிஞ்சா போச்சு?" என்றான். அப்புறம் தூக்கை இழுத்து எலுமிச்சைச் சோற்றைத் தின்றான். ஒரு பருக்கை விடவில்லை. பஸ்காரர் ஹாரன் அடித்தபோது பிள்ளையை என்னிடம் கொடுத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனான்.

மறுவாரத்திலிருந்து வெள்ளிக்கிழமை டூட்டி. ஒரு வாரம் போனது, இரண்டு வாரம் போனது. நான் பேத்தியிடம் "அப்பா எங்கே?" என்று கேட்டுக்கொண்டே இருப்பேன். முதலில் கதவைப் பார்த்தாள். அப்புறம் ஃபேனைப் பார்த்தாள். அப்புறம் எதையும் பார்க்கவில்லை. எனக்குத் தூக்கமே இல்லை. என் விசாவும் ஓடிக்கொண்டிருந்தது.

அப்போது ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் கதவைத் தட்டுகிறார்கள். திறந்தால் அந்தத் திருகோணமலைக்காரர். கையில் காலிஃபிளவர் ஒரு பெட்டி. எனக்கு வந்தது கோபம்.

"ஏந் தம்பி, ஏஞ் சோத்தத் தின்னுபுட்டு ஏம் மகனையே அவுட் ஆக்குனீயே, நல்லா இருக்கா ஒனக்கு?"

அவர் நகரவில்லை. "அம்மா, எங்கட டீம் எல்லோ. நான் வேற என்ன செய்யிறது? உங்கட மகன் என்ர இடத்தில நிண்டாலும் இதத்தான் செய்வார்" என்றார். அப்புறம் தலையைச் சொறிந்துகொண்டு, "வெள்ளிக்கிழமை போனதுக்கு என்ன காரணம் எண்டு இப்பதான் பொடியள் சொல்லக் கேட்டன். சத்தியமா எனக்குத் தெரியாது. நான் ரெண்டு வாரத்துக்கு ஒருக்கா வெள்ளிக்கிழமை ருவைஸ் கேம்புக்கு மரக்கறி கொண்டு போறனான். முன் சீற்றில இடம் இருக்கு. விடியவே வெளிக்கிட்டா வழியில ரெண்டு கேம்புக்கு இறக்கிப்போட்டு மத்தியானச் சாப்பாட்டு நேரத்துக்குப் போயிடலாம். வாறீங்களோ?" என்றார்.

மருமகள் உள்ளே இருந்து என் சேலையைப் பிடித்து இழுத்தாள். "என்ன அத்தை, யாரு எவருன்னு தெரியாம பச்சப்பிள்ளையத் தூக்கிக்கிட்டு வண்டியில ஏறுவீகளா?" உடனே மகனுக்குப் போன் போட்டாள். அவன் அந்தப் பக்கம் சிரித்தது எனக்கே கேட்டது.

"யாரு, மூணாம் மூட்டையில நிக்கிறவரா? அவரு கள்ளங்கபடு தெரியாத ஆளு. தாராளமா ஏத்திவிடு."

போனேன் தாயி. ஒரு பக்கம் முட்டைக்கோஸ், மறு பக்கம் தக்காளி, நடுவில் நானும் பேத்தியும் என்று நினைக்காதே, முன் சீட்டில் ஏசி போட்டு ராணி மாதிரி போனேன். தாரிஃப் என்ற இடத்தில் பேத்தி அவர் சட்டைமேலேயே வாந்தி எடுத்தாள். "கணக்குத் தீர்ந்துது" என்றார் அவர், சட்டையைத் துடைத்துக்கொண்டே.

கேம்புக்குள் பெண்பிள்ளைகளை விட மாட்டார்கள். கேட்டுக்கு வெளியே ஒரு டீக்கடை நிழலில் உட்கார்ந்தோம். சாப்பாட்டு மணி அடித்ததும் ஆட்கள் வரிசையாக வந்தார்கள். எல்லோருக்கும் ஒரே நீல உடுப்பு, ஒரே மஞ்சள் தொப்பி, மணல் காற்றுக்கு முகத்தைச் சுற்றித் துணி. பெற்ற எனக்கே எவன் என் மகன் என்று தெரியவில்லை, கைப்பிள்ளைக்கு என்ன தெரியும்? ஒருத்தன் வரிசையிலிருந்து பிரிந்து ஓடி வந்தான். துணியை அவிழ்த்தான். பேத்தி ஒரு பார்வை பார்த்துவிட்டு என் கழுத்தில் முகத்தைப் புதைத்து அழ ஆரம்பித்தாள். முடிந்தது கதை, எல்லாம் முதலிலிருந்து என்று நினைத்தேன்.

அவன் மாடிப்படிக்குப் போன மாதிரி தள்ளிப் போகவில்லை. பக்கத்திலேயே உட்கார்ந்து, நான் கொண்டுபோன இட்லியைப் பிட்டு வைத்துக்கொண்டு காத்திருந்தான். போக வேண்டிய நேரம் வந்துகொண்டிருக்கிறது, நான் வாசலில் தொங்கிய கடிகாரத்தையும் பார்க்கிறேன், அவளையும் பார்க்கிறேன். கடைசியில் அழுகை விக்கலாகி, ஒரு கண் வெளியே வந்தது. அவன் கையிலிருந்த இட்லியை வாயால் வாங்கினாள். இரண்டாவது வாய்க்கும் திறந்தாள். மணி அடித்துவிட்டது. அவன் எழுந்து போனான், ஆனால் இந்தத் தடவை திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு போனான்.

நான் இருந்தவரை அப்படியே நான்கு தடவை போனோம். மூன்றாவது தடவை என்ன நடந்தது தெரியுமா? கேட்டுப் பக்கம் வண்டி மெதுவானதுமே பேத்தி கண்ணாடியைத் தட்டி "ப்பா! ப்பா!" என்று கத்துகிறாள். யாரைப் பார்த்து? நீல உடுப்புப் போட்ட எல்லோரையும் பார்த்து! பீகார்க்காரன், பாகிஸ்தான்காரன், நேபாளி, அத்தனை பேரும் அவளுக்கு அப்பா. வரிசை முழுக்க நின்று கையை ஆட்டுகிறது. "மாஷா அல்லாஹ்" என்று தாடிக்காரர் ஒருத்தர் பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறார். என் மகன் பின்னாலிருந்து ஓடி வந்து, "யோவ் தள்ளுங்கய்யா, அது ஏம் பிள்ளை" என்கிறான். அத்தனை பேரையும் அப்பா என்று கூப்பிட்டவள், தூக்கியது அவன் என்றதும்தான் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். வேறு யார் கையை நீட்டினாலும் போகவில்லை. அவனுடைய தொப்பியைப் பிடுங்கித் தன் தலையில் கவிழ்த்துக்கொண்டு, விடமாட்டேன் என்று...

லீக்கா? அது அடுத்த குளிர்காலத்தோடு செத்துப் போனது. திடலைத் தகரம் அடித்து மறைத்துவிட்டார்கள், உள்ளே குடோன் எழும்புகிறது என்று திருகோணமலைக்காரர்தான் போனில் சொன்னார். கொரியாக்காரரும் ஊருக்குப் போய்விட்டார். கடைசி ஆட்டத்துக்குக் கூட்டமே இல்லையாம், வாத்தியார் நடுவர் தானே குனிந்து ரப்பரைத் துடைத்தாராம், பாவம், அந்த முதுகோடு. அதைக் கேட்டதும் எனக்கு...

அடியே, தெருக்குழாயில் தண்ணீர் வந்துவிட்ட சத்தம் கேட்கிறது பார்! எதிர்வீட்டுக்காரி குடத்தோடு ஓடுகிறாள். எழுந்திரு, அந்தப் பிளாஸ்டிக் குடத்தை இப்படி எடு, நான் முதல் ஆளாகப் போய் நிற்கிறேன்.